ஏழாவது கொடி நட்ட இடம்

மதினி,

உங்கள் கொடிச் சாக்கு இப்போது என் கடையில், ஜெராக்ஸ் காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மாசி பிறந்த வாரத்தில் அண்ணன் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். "ஒங்க மதினி சாமான் இது. வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்க முடியல தாயி" என்றார்.  அவர் போனதும் சாக்கின் வாயை அவிழ்த்தேன். கரிசல் புழுதியும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்து ஒரு வாசம் வந்தது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிற வாசம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். கல்யாணப் பத்திரிகையைப் பிரதி எடுக்க வந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

பிறகு கொடிகளை எண்ணினேன். ஒன்பது இருந்தன. ஏழாவது இல்லை. அது இருக்காது என்று தெரிந்தேதான் எண்ணினேன்.

இந்த விளையாட்டுக்குள் நம்மை இழுத்துவிட்டது நீங்கள். ஏதோ ஒரு கல்லூரியின் முகாமுக்காக என் கடையில் வரைபடம் அச்சடித்தார்கள். மிஞ்சிப்போன ஒரு தாளை, பேருந்துக்காகக் கடையில் உட்கார்ந்திருந்த நீங்கள் எடுத்துப் பார்த்தீர்கள். அப்படியும் இப்படியும் திருப்பினீர்கள். "இது நம்ம ஊருக்குத் தெக்க உள்ள காடுல்லா? கெணத்தக் காணோமே. ரெண்டு கெணறு கெடக்கு அங்கன, சுவரு கூட இல்லாம. எவனாவது ஓடிப்போயி உள்ள விழுந்துறப் போறான்" என்றீர்கள். என் பேனாவை வாங்கி இரண்டு வட்டம் போட்டீர்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போன கல்லூரி விளையாட்டு மாஸ்டர் மறுவாரம் உங்களைத் தேடி வந்தார். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் கொடுத்து, வெளியில் நட்ட கொடிகளை வரிசையாகத் தேடிக் கண்டுபிடித்து, கொடிக்கொரு கட்டமாக அட்டையில் குத்தி வர வேண்டும், முதலில் வருகிறவர் ஜெயித்தவர், இவ்வளவுதான் விளையாட்டு என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கு ஓரியண்டீரிங் என்று பெயரும் சொன்னார். உங்கள் வாயில் அது கடைசிவரை நுழையவில்லை. "கொடி தேடுறது" என்றே சொன்னீர்கள். பிறகு ஊரும் அப்படியே சொன்னது.

மாஸ்டர் மாற்றலாகிப் போன பிறகும் நாம் விடவில்லை. வெள்ளாமை வெட்டிக் காடு சும்மா கிடக்கும் மாசியில் தொடங்கி, விதைப்புக்கு முந்தின ஆவணி வரைக்கும், மாதம் ஒரு ஞாயிறு. கடம்பூர்ப் பக்கம் ஒன்று, மணியாச்சிப் பக்கம் ஒன்று, இடைசெவலில் உங்கள் ஊர்க்காட்டில் தொடக்கமும் முடிவும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள். பேங்க்காரர் ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். புரட்டாசியில் மழை விழுந்துவிட்டால் அதோடு சரி. கரிசல் மண் செருப்பில் அப்பி, காலைத் தூக்க விடாது.

வரைபடம் வரைகிற வேலை உங்களுடையது. "சட்டைக்கு அளவெடுக்குற மாதிரிதான்ட்டி. ஒடம்பு கொஞ்சம் பெருசு" என்பீர்கள். சைக்கிள் கூட ஓட்டத் தெரியாத நீங்கள் காடு முழுவதையும் நடந்தே அளந்தீர்கள். நூறு காலடிக்கு முந்தானையில் ஒரு முடிச்சு. வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, நோட்டில் எழுதி, அப்புறம்தான் தண்ணீர் குடிப்பீர்கள். கொடிகளும் உங்கள் தையல். பழைய வேட்டியில் வெள்ளை, யாருடைய சேலையிலோ மிஞ்சிய ஆரஞ்சு, மூலையில் நீல நூலில் எண். ஆடு கடித்துத் தின்ற மூன்றாவது கொடிக்கு ஒட்டுப் போட்டபோது, "இது தின்ன ஆட்டுக்கும் ஒரு பரிசு குடுத்துருவோம்" என்றீர்கள்.

என் வேலை அச்சடிப்பதும் ஆட்களிடம் அனுமதி கேட்பதும். அதற்கு நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தீர்கள். "பட்டாவுல இருக்க ஆள்ட்ட கேட்டாப் பத்தாது. புஞ்சையில நிக்கிற ஆள்ட்டயும் கேளு." ஆகட்டும் மதினி என்பேன். கடையில் உட்கார்ந்துகொண்டு போனில் கூப்பிடுவேன். பட்டியலில் டிக் அடிப்பேன்.

போன ஆவணிக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

அன்றைக்கு நாற்பது பேர் போனார்கள். திரும்பி வந்த நாற்பது பேர் அட்டையிலும் ஏழாவது கட்டம் காலி. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரே சலசலப்பு. அங்கே கல் இருந்தது, கொடிதான் இல்லை என்றார் ஒருவர். கல்லே இல்லை என்றார் இன்னொருவர். பேங்க்காரர், ஒரு மணி நேரமாக வெயிலில் சுற்றினேன் என்று சட்டையைப் பிழிந்து காட்டினார். நான் உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடைப் பாலத்திலிருந்து கிழக்கே அறுநூற்று நாற்பது என்று எழுதியிருந்தீர்கள். அக்கம்பக்கம் பார்க்காமல், கண்ணைக் காலடியிலேயே வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன். அறுநூற்று நாற்பதில் வெறும் புஞ்சை. கொடியும் இல்லை, கல்லும் இல்லை.

திரும்பி வந்து எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "கணக்கு தப்பிட்டு மதினி. இது சட்டைத் துணி இல்ல, அரை இஞ்ச் கூடக் கொறைய இருந்தா உள்ள மடிச்சுத் தைக்கறதுக்கு." சிலர் சிரித்தார்கள். என் வாய் இருக்கிறதே, அதற்கு நாலு பேர் சிரித்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. "நாளும் பொழுதும் நடந்து என்னத்த அளந்தீங்களோ" என்றும் சொன்னேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "நான் நட்டது நட்ட எடத்துல இருக்கும். வா, ரெண்டு பேரும் போய்ப் பாப்போம்" என்றீர்கள்.

"நான் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றேன்.

 ஒன்பது கொடியையும் உதறி மடித்துச் சாக்கில் வைத்தீர்கள். அதன் பிறகு கோவில்பட்டிக்கு வந்தாலும் என் கடைக்கு வரவில்லை. நானும், வந்தால் மதினியே வரட்டும் என்று இருந்துவிட்டேன். ஐப்பசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் வந்து பார்த்தேன். கையில் ஊசி குத்திய இடம் வீங்கியிருந்தது. வீட்டு விஷயம் எல்லாம் பேசினோம். நான் கிளம்புகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குச் சாயங்காலம் நான் தனியாப் போயிப் பாத்தேன். நட்ட குழி இருந்துச்சுட்டி. கொடியத்தான் காணோம்" என்றீர்கள்.

நான் நம்பவில்லை மதினி. தோற்க மனமில்லாமல் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். "விடுங்க மதினி, ஒரு துணிதான்" என்றேன். என் கையை விட்டுவிட்டீர்கள். அடுத்த மூன்றாம் நாள் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

சாக்கு வந்த மறுநாள் காலையில் உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடைப் பாலத்துக்குப் போனேன். இந்த வருஷம் நடத்துவதா வேண்டாமா என்று எல்லாரும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் வரைபடம் தப்பு என்றால் புதிதாக வரைய ஆள் இல்லை. சரி என்றால், நான் உங்களை நாற்பது பேர் முன்னால் அவமானப்படுத்தியது மட்டும்தான் மிச்சம். இரண்டில் எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறுநூற்று நாற்பது நடந்தேன். ஆவணியில் நின்ற அதே இடம். அதே வெறும் புஞ்சை. சோளம் அறுத்த தாள் காலைக் குத்தியது. சரி, தப்புத்தான் போல என்று திரும்பினேன். வெயில் முதுகில் விழுந்து என் நிழல் முன்னால் போனது. பக்கத்தில் இன்னொரு நிழல் போக வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. எத்தனை காலம் சேர்ந்து நடந்திருக்கிறோம். என் தோளுக்குத்தான் வருவீர்கள். நான் இரண்டு எட்டு வைத்தால் நீங்கள் மூன்று வைக்க வேண்டும். "ஏட்டி, மெதுவாப் போயேன், ஒனக்கு என்ன ரயிலா போவுது?" என்று பின்னாலிருந்து கத்துவீர்கள்.

அப்படியே நின்றுவிட்டேன். அறுநூற்று நாற்பது உங்கள் காலடி. நான் என் காலால் நடந்துவிட்டு உங்கள் கணக்கைத் தப்பு என்றிருக்கிறேன்.

பாலத்துக்குத் திரும்பி ஓடினேன். இந்த முறை ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை அதிகம் நீட்டாமல், நீங்கள் நடப்பதை நினைத்து நினைத்து நடந்தேன். நூறுக்கு ஒரு முடிச்சு துப்பட்டாவில் போட்டேன். ஆறு முடிச்சு, அதற்கு மேல் நாற்பது. நாலு வரப்பு கூடுகிற மூலையில், சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு எல்லைக்கல் பக்கத்தில் வந்து நின்றேன். வரைபடத்தில் நீங்கள் வட்டம் போட்டிருந்த மூலை அதுதான். மழையில் மண் மூடிக் குழி எதுவும் தெரியவில்லை. கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சோளத்தட்டைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வரப்பில் வந்தாள். நம் வயதுதான் இருக்கும்.

"யாரு தாயி, எம் புஞ்சையில என்ன செய்யுதீங்க? கரண்டு காத்தாடி கம்பெனியா?"

"இல்லக்கா. கோவில்பட்டியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன்."

"ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இங்கன என்ன சோலி?"

கட்டைக் கீழே போட்டாள். கட்டுக்கு அடியில் தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வெள்ளையும் ஆரஞ்சும். மூலையில் நீல நூலில் ஏழு. 

"இந்தத் துணி எங்கன கெடச்சுதுக்கா?"

"இந்தா, இந்தக் கல்லு ஓரத்துலதான். ஆவணியில ஒருநாள் விடியக்காலம் வாரேன், குச்சியில கட்டி நட்டு வச்சிருக்காவ. நான்தான் பிடுங்குனேன். எங்க அண்ணன் காட்டுலயும் காத்தாடி கம்பெனிக்காரவ மொதல்ல இப்படிக் கொடிதான் நட்டாவ. பெறகு ஜேசிபி வந்துச்சு. என்ட்ட ஒரு வார்த்தை கேக்காம எம் புஞ்சையில எவன் நட்டான்னு ஒரே ஆத்திரம். ஆனா தையலு நல்ல கெட்டித் தையலு. தூரப் போட மனசில்ல."

"புஞ்சை யாரு பேருல இருக்கு?"

"வீட்டுக்காரர் பேருல. அவிய திருப்பூருல இருக்காவ."

திருப்பூர் என்றதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. போனில் தறிச் சத்தத்துக்கு நடுவே, தாராளமா நடத்துங்கம்மா என்று சொன்ன குரல். டிக் அடித்தவள் நான். "அவியட்ட போன்ல கேட்டோம்க்கா" என்று மெல்லச் சொன்னேன்.

"அவியட்டயா? அவிய இந்தப் புஞ்சைய மிதிச்சு மூணு வருசம் ஆச்சு. இங்கன நிக்கிறது நான்லா?"

நீங்கள் சொன்ன அதே சொல். நிக்கிற ஆள். உங்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குச் சொல்லியும் இருந்தீர்கள். நான் கேட்டிருந்தால் கொடி நின்றிருக்கும். தப்பு உங்கள் கணக்கில் இல்லை, என் சோம்பேறித்தனத்தில் இருந்தது. அதை மறைத்து உங்கள் தலையில் போட்டேன் என்று கூடச் சொல்ல முடியாது. எனக்கே அது தெரியாமல் இருந்தது, அவ்வளவு அலட்சியம்.

"இதத் தச்ச ஆளு எங்க?" என்று கேட்டாள்.

"எங்க மதினி. ஐப்பசியில தவறிட்டாவ."

அவள் சும்மாட்டைப் பிரித்தாள். உதறினாள். நாலாக மடித்து இரண்டு கையாலும் நீட்டினாள். "தெரியாம செஞ்சுட்டேன் தாயி" என்றாள். "நீங்க ஒண்ணும் செய்யலக்கா" என்று சொல்லி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியில் இருந்த கஞ்சித்தண்ணியை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

போன ஞாயிறு இந்த வருஷத்து முதல் ஆட்டம் நடந்தது. அதே வரைபடம்தான், ஒரு கோடு கூட மாற்றவில்லை. அதே வேப்பமரத்தடி. ஆவணியில் வந்த ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். தாளைக் கொடுப்பதற்கு முன்னால் பெஞ்சில் ஏறி நின்றேன். "போன ஆவணியில ஏழாவது கொடி நட்ட எடம் சரி. எங்க மதினி அளந்தது சரி. அனுமதி கேக்க வேண்டிய ஆள்ட்ட கேக்காதது நான். எல்லாருக்கும் முன்னால அவியளத் தப்புன்னு சொன்னதும் நான். அதனால எல்லாருக்கும் முன்னால இதையும் சொல்லுதேன்" என்றேன்.  அண்ணன் பின்வரிசையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பேங்க்காரர்தான் முதலில், "அப்ப எங்க அட்டையில ஏழாவது கட்டத்தையும் நிரப்பிக் குடுத்துருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

ஏழாவது கொடிக்குக் காவல் அந்த அக்கா. காலையிலேயே வந்து கல்லில் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்கள் ஒவ்வொருவரையும், "யாருட்டக் கேட்டு எம் புஞ்சைக்குள்ள வந்தீங்க?" என்று அதட்டிவிட்டுத்தான் அட்டையில் குத்து விழ விட்டாளாம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு அந்தக் கொடியை எடுத்துவர நானே போனேன். பாலத்திலிருந்து உங்கள் நடையில் நடந்தேன். கால் தன்பாட்டுக்கு நீளும், பிடித்து நிறுத்துவேன். ஒரு பெரிய பொம்பளை இப்படிக் குட்டிக் குட்டியாக அடி வைத்துப் போவதைப் பார்த்து, ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து, துப்பட்டா முடிச்சு ஆறையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து நோட்டில் எழுதி, அப்புறம்தான் தண்ணீர் குடித்தேன்.

சாக்கில் பத்துக் கொடியும் இருக்கின்றன. ஏழாவதைத் துவைக்கவில்லை. அதில் உங்கள் மிஷின் எண்ணெய் போய், அந்த அக்காவின் தலை எண்ணெய் வாசம்தான் இருக்கிறது. இருக்கட்டும். பட்டியலைப் பார்த்துப் போன் போடுவதை விட்டுவிட்டேன். இப்போது புஞ்சை புஞ்சையாக நடந்து போய், அங்கே நிற்கிற ஆளிடம் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னதற்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன். குழி இருந்தது மதினி. நீங்கள் நட்டது நட்ட இடத்தில்தான் இருந்தது. வாங்க, ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம்.