கருவாட்டின் மேல் போட்ட பழி

கிளிஞ்சல்மேடு,
பங்குனி 3, செவ்வாய்க்கிழமை.

தமிழ்மொழி அப்பாவுக்கு,

செம்மலர் எழுதிக்கொண்டது. பஹ்ரைனில் நீங்களும் உங்கள் போட்டில் வேலை பார்ப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். தையல் ஆறிவிட்டது என்று தினமும் போனில் சொன்னதும் பொய்தான். விவரமாகச் சொல்லலாம் என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது. அதனால்தான் நம் பிள்ளை மொழியின் நோட்டில் தாள் கிழித்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். சாப்பிட்ட பிறகு படியுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுத்த பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அடியில் இரண்டு தையலை மட்டும் இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்று விட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டினார்கள். நனைக்காதே, கசிந்தால் உடனே வா, சுகர் மாத்திரையை விடாதே என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். நான் மாத்திரையையும் விட்டேன், நாலாம் நாள் போகவும் இல்லை. வயிறு மடிந்து கிடப்பதால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஈரமாக இருந்ததை வெயிலுக்கு வேர்க்கிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு நாற்றம் ஆரம்பித்தது. நம் ஊரில் நாற்றம் வந்தால் யார் தன் வயிற்றைப் பார்ப்பார்கள்? பக்கத்தில் உங்கள் தம்பி வீட்டு வாசலில் அவர் பெண்டாட்டி அஞ்சுகம் வாளைக் கருவாடு காயப்போட்டிருந்தாள். படகை விற்ற தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லையே, எனக்கு அது வசதியாகப் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், தெருவே கேட்கக் கத்தினேன். உப்புப் போடத் துப்பில்லாதவள், புழுத்ததை விற்றுப் பிழைக்கிறவள், நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கத்தில் பிணத்தைக் காயவைக்கிறாள் என்றெல்லாம் சொன்னேன். அவள் ஒரு கருவாட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் மூன்று கூடையையும் கடற்கரைக்குத் தூக்கிப் போய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

மறுநாளும் நாற்றம் இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைக் கீழே பிடித்துப் பிளாஸ்திரியை உரித்தேன். புளித்த கஞ்சி மாதிரி மஞ்சளாக வழிந்தது. கறுப்பு நூல் இரண்டும் சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தன. சுற்றிலும் தோல் ஊறி வெளுத்துக் கிடந்தது. சீ, இது என் உடம்பா என்றிருந்தது. மொழியைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வாசலில் வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தம் கேட்டு வந்தவள் அஞ்சுகம்தான். ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

டாக்டரம்மா நூலை வெட்டிச் சீழை எடுத்துவிட்டு, புண்ணை மூடாமல் விட்டிருக்கிறார். தினம் இரண்டு வேளை கழுவி, உள்ளே மருந்துத் துணி திணிக்க வேண்டும். ஒன்பது நாளாக அஞ்சுகம்தான் வந்து செய்கிறாள். ஊறிய துணியை உருவும்போது நான் முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன், என் சொந்தப் புண்ணுக்கு. அவள் திருப்புவதில்லை. "கழுவுனா போயிடும்க்கா, அசையாம படுங்க" என்கிறாள். கருவாட்டைப் பற்றி இன்றுவரை வாயே திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கை கழுவப் போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன், சோப்பு இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

மொழி காலேஜுக்குப் போய்வருகிறாள். என் பாயின் பக்கம் வரத் தயங்குகிறாள், சின்னப் பிள்ளை, திட்டாதீர்கள். சுகர் இறங்கியிருக்கிறது. லீவு கேட்டு ஓடி வர வேண்டாம். நீங்கள் போகிற கடல் உங்களை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும்.

வரும் திங்கட்கிழமை திரும்பத் தைக்கிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் தம்பி முத்தையனுக்கு ஒரு போன் போடுங்கள். படகில் யார் பக்கம் நியாயம் என்று பேச வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும். நீங்கள் அங்கே தொடங்கினால் நான் இங்கே அவளிடம் தொடங்கிவிடுவேன். புண்ணைக்கூட இப்போது பார்க்கப் பழகிவிட்டது. தெருவில் நின்று அவளைப் பேசிய என் வாயை நினைத்தால்தான் குமட்டுகிறது. இந்த வாயை இப்படியே வைத்துக்கொண்டு வயிற்றை மட்டும் தைத்து என்ன ஆகப் போகிறது? திங்கட்கிழமைக்குள் அந்தப் போனைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செம்மலர்