ஏழாவது பலகை

தென்காசி
18.4.1982

அன்புள்ள அத்தானுக்கு,

குழல்வாய்மொழி டைப் அடித்துக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அடித்ததைத் திரும்பப் பார்க்க எனக்குக் கண் இல்லை. எழுத்து மாறிக் கிடந்தால் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை மதினிதான் வாசித்துச் சொல்கிறாள், நடுவில் தன் சரக்கையும் சேர்த்து. ஜாக்கிரதையாக எழுதுங்கள்.

இலத்தூர் கோயில் கொடைக் கச்சேரியில் என் மானம் போயிற்று. பாடகர் இரண்டாம் சரணத்தை அப்படியே விழுங்கிவிட்டார். குழுவை நடத்துகிற மந்திரமூர்த்தி அண்ணாச்சி கையைத் தூக்கினாராம். எல்லோரும் பார்த்துப் பல்லவிக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கே திரும்புகிறார்கள் என்று தெரியாமல் நான் ஒருத்தி மட்டும் பழைய வழியில் வயலினை இழுத்துக்கொண்டு போகிறேன். கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

வேனில் ஏறும்போது அண்ணாச்சி சொன்னார்: "ஏட்டி, நான் கையக் காட்டுதேன், நீ எப்படிப் பாப்ப? குத்தாலம் சீசன் கச்சேரின்னா அருவிச் சத்தம் வேற. அங்கன வேற ஆளப் போட்டுக்கிடுதேன் தாயி."

எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது அத்தான். நீங்கள் இதே குழுவுக்கு மைக் செட் போட்டவர், இப்போது ஆம்ப்ளிஃபையர் கம்பெனியில் பெரிய ஆள். அவர் கை காட்டுவது எனக்குத் தெரிய ஒரு வழி பண்ணுங்கள். உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. வில்லைத் துடைக்கிறேன், வைக்கிறேன், மறுபடி துடைக்கிறேன்.

உங்கள்
குழலி

சென்னை
10.5.1982

அன்புள்ள குழலிக்கு,

முதலில் மதினிக்கு வணக்கம். எழுதினதை மட்டும் வாசிக்கவும்.

கொல்லம் மெயிலில் ஒரு பலகை வருகிறது. உள்ளே காலிங் பெல்லின் கம்பிச்சுருளும் சுத்தியலும். சுத்தியலில் துணி சுற்றியிருக்கிறேன், வெளியே சத்தம் வராது. பலகையில் வலது காலை வை. கூடவே வருகிற ஸ்விட்ச் அண்ணாச்சி காலடிக்கு; அவர் மிதித்தால் உன் பெருவிரலில் தட்டும். ஒரு தட்டு என்றால் பாட்டு முடிகிறது. இரண்டு என்றால் பல்லவிக்குத் திரும்பு. என் காலை வைத்தே சோதித்ததில் விரல் வீங்கிவிட்டது. இனி ஒரு பயல் சிரிக்க மாட்டான்.

அன்புடன்
சிவசைலம்

தென்காசி
2.6.1982

அன்புள்ள அத்தானுக்கு,

பலகை தட்டுகிறது. முதல் ஒத்திகையில் அழுதேன், சந்தோஷத்தில். இரண்டாவது ஒத்திகையில் அழுதது வேறு அழுகை.

அண்ணாச்சி கை தூக்குகிறார், எல்லோரும் திரும்புகிறார்கள். அதற்கு அப்புறம்தான் "ஐயோ, இந்தப் பிள்ள இருக்காளே" என்று ஸ்விட்சை மிதிக்கிறார். அதற்குள் பல்லவி பாதி போய்விடுகிறது. டிரம்ஸ் வாசிக்கிற சுந்தரபாண்டியன் இதற்குக் குருட்டுப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டான்.

உங்கள் வேலையில் குறை இல்லை. அது என் ஒருத்திக்கென்று இருப்பதுதான் குறை. பாடகர் நீங்கலாக ஆறு பேர் காலுக்கும் பலகை வேண்டும். அண்ணாச்சி கையே தூக்கக் கூடாது. மிதித்தால் எல்லோருக்கும் தட்டட்டும், மறந்தால் எல்லோரும் தவிக்கட்டும். அப்போது மறப்பாரா?

இன்னொன்று. என் பலகை வாங்கத்தான் செய்கிறது, கொடுக்க மாட்டேன் என்கிறது. பாடகர் வழி தவறுவது முதலில் என் காதுக்குத்தான் தெரியும். எனக்கும் ஸ்விட்ச் வையுங்கள். எல்லோருக்கும் வையுங்கள்.

குழலி

சென்னை
15.6.1982

அன்புள்ள குழலிக்கு,

கண் இருக்கிறவனுக்குப் பலகை எதற்கு என்று முதலாளி கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான். உனக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்தேன், நீ குற்றம் சொல்லுகிறாய். மனசு விட்டுப்போயிற்று.

இதை மதினி மெதுவாக வாசிக்கவும். நாம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் குழலி. இங்கே வந்துவிடு. நாலு பேர் சிரிக்கிற மேடை உனக்கு எதற்கு? வீட்டில் எனக்கு மட்டும் வாசி.

சிவசைலம்

தென்காசி
22.6.1982

அத்தானுக்கு,

மதினி மெதுவாகத்தான் வாசித்தாள். தெரு முழுக்கக் கேட்டது.

எனக்கு மட்டும் என்று ஒரு பெட்டி செய்தீர்கள். இப்போது உங்களுக்கு மட்டும் வாசிக்கச் சொல்லுகிறீர்கள். இது அதைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அவ்வளவுதான். கோபம் கோபமாக வருகிறது. அடிக்கிற வேகத்தில் மெஷினே நகர்கிறது.

உங்களைப் பிடிக்காமல் இல்லை. அது உங்களுக்குத் தெரியும், இப்போது மதினிக்கும் தெரியும். ஆனால் மேடையை விட்டு இறங்கி வருகிறவள் நானில்லை. ஆறு பலகை வருமா, வராதா? அதை மட்டும் எழுதுங்கள்.

குழல்வாய்மொழி

சென்னை
9.7.1982

குழலிக்கு,

எனக்குத் தெரிந்த கடையநல்லூர்க்காரர் ஒலி முகம்மது துபாயிலிருந்து வந்து இறங்கி ஊருக்குப் புறப்படுகிறார். அவர் பெட்டி படுக்கையோடு ஆறு பலகையும் வருகின்றன. ஆறிலும் ஸ்விட்ச் உண்டு, பழையது இனி வேண்டாம். யார் மிதித்தாலும் எல்லோருக்கும் தட்டும்.

நீ கேட்டதை மட்டும் எழுதிவிட்டேன்.

சிவசைலம்

தென்காசி
26.7.1982

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று குற்றாலத்தில் வாசித்தேன். ஒத்திகையில் எல்லோர் காலும் பழகின பிறகு அண்ணாச்சி வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை.

அருவி இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. காற்று திரும்பிச் சாரல் நேரே மேடைக்குள் அடித்தது. ஒருத்தராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. இதை உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்.

அந்த நேரம் பார்த்துப் பாடகர் சரணத்தைத் தாண்டிப் பல்லவிக்குக் குதித்தார். அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இரண்டு தரம் மிதித்தேன். ஆறு பேரும் சேர்ந்து திரும்பினோம் அத்தான், ஒரு பிசிறு இல்லை!

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி, "யாருலே மிதிச்சது?" என்றார். நான்தான் என்றேன். "சரி, அடுத்த பாட்டுக்குச் சுருதி சேரு" என்றார். சுந்தரபாண்டியன், "குருட்டுப் பெட்டின்னு சொன்ன வாயக் கழுவணும், இது இல்லாம இனி நான் உக்கார மாட்டேன்" என்று என் காதருகில் வந்து கத்தினான்.

இருந்தாலும் ஒரு குறை உண்டு. மைக் செட் போட வந்த ஆளுக்குப் பலகை இல்லை. வயலின் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டுங்கள் என்று நான் அவரிடம் எப்படிச் சொல்ல? ஏழாவதாக ஒன்று செய்யுங்கள். மெயிலில் போட வேண்டாம், யாரிடமும் கொடுத்துவிடவும் வேண்டாம். நீங்களே கொண்டுவந்து மைக் பெட்டிக்குக் கீழே போட்டு, கால் வைத்து உட்காருங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதிலை அங்கே தட்டுகிறேன். மதினிக்குக் கேட்காது.

உங்கள்
குழலி