பட்டுக்குத் துடக்கில்லை

மச்சாள்,

நேற்றுப் பெரியகடையில் ஒரு புடவைக் கடைக்காரர் புதுப் பட்டொன்றை என் முன்னால் உதறி விரித்தார். கஞ்சியும் சரிகையும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பக்கத்தில் திரும்பி உங்களைத் தேடினேன். நீங்கள் இருந்திருந்தால் தலைப்பைக் கசக்கிப் பார்த்து, "இது எந்த ஊர்ப் பட்டு? ஆர் கொண்டு வந்தது? இப்ப ஆர் கூட வாங்கினம், கிழடுகளோ குமருகளோ?" என்று அந்த மனிதரை வேலை செய்ய விட்டிருக்க மாட்டீர்கள்.

என் மகனுக்குக் கலியாணம். தாலி கட்டுமுன் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் கூறைப் பட்டை எடுக்கப் போயிருந்தேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டு என் கூறையை எடுத்தது நீங்கள்தான். மாப்பிள்ளையின் தமக்கை என்ற உரிமையில் அதை எனக்கு உடுத்திவிட்டதும் நீங்கள்தான். கொய்யக மடிப்புகளைச் செருகிக்கொண்டே காதுக்குள் சொன்னீர்கள்: "பந்தலுக்குள்ளை போகேக்கை ஒருக்கால் பாரும். பட்டு உடுக்காத பொம்பிளை ஆரும் இருந்தால் எனக்குச் சொல்லும்." ஊரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்த தலையோடு சீலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் இந்தியப் பட்டுக்குக் குறைவில்லை. பட்டில்லாமல் நான் கண்டது ஒருவரைத்தான். அடுப்படி வாசலில் வெள்ளைச் சீலையோடு நின்ற உங்கள் பெரியம்மா. அதைச் சொன்னபோது, "அவவின்ரை பட்டும் பெட்டிக்குள்ளை கிடக்கு" என்றீர்கள்.

பிறகு வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. கோயில் திருவிழாவில் நாங்கள் இருவரும் மதிலோரம் இருந்து பார்ப்போம். ஒவ்வொரு வருடமும் பட்டின் மினுக்கம் குறைந்து, நைலெக்ஸ் சீலைப் பூக்கள் கூடிக்கொண்டே வந்தன. தோய்த்து உதறினால் காய்ந்துவிடும், மடிப்புக் குலையாது என்று எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள். உங்களுக்கு அது போதவில்லை. "அப்ப இருந்த பட்டெல்லாம் எங்கை போனது?" சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்க நின்ற பெண்களிடம்கூடக் கேட்டீர்கள். கடைசியில் ஒருநாள் வந்து சொன்னீர்கள்: "பட்டு குறையேல்லை. கிழிஞ்சால் இனி வேறை இல்லையெண்ட பயத்திலை சனம் பூட்டி வைச்சிருக்குது."

உங்கள் கணவர், அத்தான், காய்ச்சலில் விழுந்து எழும்பாமலே போனது அதற்குப் பிறகுதான். உங்கள் கூறையும் பெட்டிக்குள் போனது. கலியாண வீடுகளில் நீங்கள் அடுப்படியோடு நின்றுகொண்டீர்கள். ஆனால் கதவிடுக்கால் சீலை பார்ப்பதை மட்டும் விடவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று கண்டதும், "பொட்டைத்தானே அழிச்சவை. கண்ணையுமோ?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் தங்கைக்குக் கலியாணம் பொருந்தியது. கடைகளில் கைத்தறிப் பருத்தியைத் தவிர வேறொன்றும் இல்லாத காலம். மாப்பிள்ளை வீடு கொழும்புத்துறை. இந்தியாவிலிருந்து கள்ளமாக வள்ளத்தில் பட்டு கொண்டுவந்து தருவதாக யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார். வள்ளம் வரவில்லை. கலியாணத்துக்குச் சில நாட்களே இருக்க, மாப்பிள்ளையின் தாய் உரும்பிராயில் எங்கள் தாய்வீட்டுக்கு வந்து, இருக்கவும் மாட்டாமல் நின்றா.

"பட்டில்லாமல் என்னெண்டு தாலி கட்டுறது? ஆடி கழியட்டும், பிறகு பாப்பம்."

தங்கைக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இப்படித் தள்ளிப்போய்க் குழம்பியிருந்தது. அப்போதுதான், உதவிக்கு வந்து பலகாரம் சுட்ட கையோடு நீங்கள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தீர்கள்.

"என்ரை கூறை கிடக்கு. நல்ல பட்டு."

அம்மா மெல்ல, "பிள்ளை, நீ கொஞ்சம் உள்ளுக்குப் போ" என்றா. நீங்கள் போகவில்லை. கோபப்படவும் இல்லை. சந்தையில் கேட்கிற அதே குரலில் கேட்டீர்கள்:

"பட்டுக்குத் துடக்கில்லை, தீட்டு ஒட்டாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? துடக்கு வீட்டுக்குப் போயிட்டு வந்தாலும் பட்டைத் தோய்க்கிறேல்லை. பின்னை அவர் போனது மட்டும் அதிலை என்னெண்டு ஒட்டினது? தெரியாமல்தான் கேக்கிறன்."

கதவுக்குப் பின்னால் நின்ற தங்கை வெளியே வந்தாள். "எனக்கு அதைக் காட்டுங்கோ மச்சாள்."

வீட்டுக்குப் போய் எடுத்துவந்து, பாயில் வைத்து மடிப்பை விரித்தீர்கள். மடிப்புக்கு மடிப்புப் பட்டு பிளந்துகொண்டு போனது. கிழிகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. நீங்கள் அழப்போகிறீர்கள் என்று நினைத்துக் கிட்ட வந்தேன். நீங்களோ பிளந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "உடுத்தால்தான் கிழியும் எண்டெல்லோ நினைச்சன்" என்றபோதுதான் குரல் உடைந்தது.

அந்தத் தாய் அப்போதுதான் பாயில் வந்து இருந்தா. கூறையின் கரையை விரலால் தடவிப் பார்த்தா. கரை மட்டும் சேதமில்லாமல் இருந்தது. நிமிர்ந்து சொன்னா: "சிவப்புக் கைத்தறி ஒண்டு எடுத்துத் தாறன். உந்தக் கரையை அதிலை வைச்சுத் தைக்கலாமோ?"

நீங்கள்தான் தைத்தீர்கள். கலியாணத்தன்று கூறை உடுத்தும் நேரம், உள்ளே நாலு சுமங்கலிகள் நிற்க, அவ அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டா: "இஞ்சை வாரும் பிள்ளை. தையல் எங்கை இழுபடும் எண்டு உமக்குத்தானே தெரியும். நீரே உடுத்திவிடும்." அவ அதைப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் தடுக்கவும் இல்லை. நீங்கள் செருகிய கொய்யகம் நேராக இருந்தது. தங்கை இப்போது மூன்று பிள்ளைகளோடு கொழும்புத்துறையில்தான் இருக்கிறாள்.

எழுபத்தேழுக்குப் பிறகு கட்டுப்பாடு நீங்கிக் கடைகள் மறுபடி நிரம்பின. ஒரு கலியாணத்துக்கு உடுத்த பட்டை அடுத்ததுக்கு உடுக்கக் கூச்சப்படுகிற காலம் வந்தது. "இல்லாத காலத்திலை பூட்டி வைச்சதுகள், இருக்கிற காலத்திலையும் பூட்டித்தான் வைக்குதுகள். உதென்ன விளையாட்டு?" என்று கேட்டீர்கள். அதற்கு விடை கண்டுபிடிக்குமுன் போய்விட்டீர்கள். எனக்கும் இன்னும் தெரியவில்லை.

உங்கள் தம்பியும் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அதனால் கூறை எடுக்க என்னைக் கடைக்குப் போகவேண்டாம் என்றுதான் சொந்தங்கள் சொன்னார்கள். "பட்டிலை என்னெண்டு ஒட்டும்?" என்று கேட்டேன். உங்களைப்போல் அமைதியாகக் கேட்க வரவில்லை, குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பிறகு பஸ் ஏறிப் போய், மருமகளுக்கு அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தேன். கடைக்காரர் பொதி கட்டப்போகையில் மறித்து, எனக்கும் ஒன்று எடுத்தேன். கத்தரிப்பூ நிறம், சின்னக் கரை.

கலியாணத்தன்று அதை உடுத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பேன், மச்சாள். அடுத்த வெள்ளி கோயிலுக்கும் அதையே உடுப்பேன்.