பாடாத பூச்சிக்கு ஓர் இடம்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். அங்கே புது வேலையும் புது வீடும் பழகிவிட்டனவா? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

நேற்று ஏரிக் குழுக் கூட்டத்தில் உங்களுக்கு நன்றி சொல்லாமலே விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் பேசியது உங்களுக்குத் தெரியும், அறையில் நடந்தது தெரியாதல்லவா?

ஏரிக்கரையில் உங்கள் பாட்டுக்குருவியும் என் அந்துப்பூச்சியும் ஒன்றாகத்தான் அழிந்து வருகின்றன. ஆனால் ஏதாவது ஒன்றின் பெயரில்தான் கரையைப் பாதுகாக்க அனுமதி. குருவி என்றால் கூடு கட்டும் மரங்களை விட்டுப் புதரை வழித்துவிடுவார்கள். பூச்சி என்றால் புதரும் அதற்கு நிழல் தரும் மரமும் தப்பும்.

நீங்கள் காணொளி இணைப்பில் வருவதற்குள் பாதி முடிவாகிவிட்டது. திரையில் உங்கள் குருவி மஞ்சள் மார்பை நிமிர்த்திப் பாடியது. என் பூச்சி பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பலருக்குக் கண்ணிலேயே படவில்லை. தலைவர், "குருவி பாடுது, ஜனங்களுக்குப் பிடிக்கும். வீட்டுக்குள்ள பூச்சி வந்தா நாம தேடறது துடைப்பத்தைத்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அப்புறம் உங்கள் குரல். குருவிக்காகத்தான் பேசுவீர்கள் என்று நினைத்தேன். எத்தனை வருட ஆராய்ச்சி, பேசியிருந்தாலும் தவறில்லை. நீங்களோ, "குருவி பேரை எடுத்துடுங்க. மரத்தை மட்டும் விட்டா கூடு இருக்கும், குஞ்சு இருக்காது. தாய்க்குருவி ஊட்டறது என் நாத்தனாரோட பூச்சிப் புழுவைத்தான்" என்றீர்கள்.

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை மறுபடி காட்டச் சொன்னார். பூச்சியைக் கண்டுபிடித்ததும், "அட, இங்கதான் இருக்கா" என்றார். புதர் தப்பியது அண்ணி. உங்கள் குருவியும்தான்.

சாப்பாட்டு மேசையில், "உங்க குருவி என் புழுவைத் தின்னுடுது" என்று நான் மல்லுக்கு நிற்பேனே, அண்ணன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஏற்றிவிடுவானே! நேற்று இருந்திருந்தால் யாருக்குக் கைதட்டுவதென்று திண்டாடியிருப்பான். அவன் இறந்த பிறகு அவனைப் பற்றி அம்மாவும் நானும் சிரித்துக்கொண்டே பேசியது நேற்றுதான். அதற்கும் உங்களுக்குத்தான் நன்றி.

நீங்கள் சொன்னதை அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். "நாத்தனார்னே சொன்னாளா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ வருவா" என்று சொல்லிவிட்டு மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தார்.

மழை விட்டதும் புழுக்கள் வெளிவரும், பின்னாலேயே குருவிகளும். நீங்களும் வாருங்கள். தனியாக வந்தாலும் சரி, துணையோடு வந்தாலும் சரி. இந்த வரியை அம்மாவே எழுதச் சொன்னார். எழுதிவிட்டேனா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் நாத்தனார்