பூட்ஸுக்குள்ள சாவியைத் தேடாதே

ரவிரி,

பாஸாயிட்டோம்! கவுன்சில்லேர்ந்து வந்த கட்டட இன்ஸ்பெக்டர் புதுச் சமையலறையைச் சுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டார். நான் ஆடின ஆட்டத்தை நாய் மட்டும்தான் பார்த்துச்சு.

ஒரே சிக்கல். வாசல்ல கழட்டிவிட்ட கம்பூட்ஸை மாத்தி, உன்னோடதைப் போட்டுக்கிட்டுப் போயிட்டார். சாவி அதுக்குள்ள! மனுஷனுக்குக் கால்ல குத்தலையா? இப்போ வாசல்ல கிடக்கறது அவரோட பூட்ஸ். அவரைப் பிடிக்கத்தான் ஓடறேன். புதுக் கதவு வேற தானாப் பூட்டிக்கிச்சு.

பசிச்சா சமையலறை ஜன்னல் வழியா ஏறிப் போ. "இவ்வளவு பெரிய ஜன்னல் எதுக்கு, யானையா வரப்போகுது?"ன்னு சண்டை போட்டு மூணு நாள் உன்கிட்ட பேசாம இருந்தேனே, அதெல்லாம் வாபஸ். முட்டையும் பேக்கனும் உள்ள வெச்சுச் சுட்ட பேஸ்ட்ரி அடுப்பு மேல இருக்கு.

நைரி

பி.கு: உள்ள இறங்கறப்போ ஜன்னலுக்குக் கீழ இருக்கற புது சிங்க்ல கால் வைக்காதே.

சரி, வெச்சுக்கோ. இப்போ சட்டப்படி நம்ம சிங்க்!