தெரிந்தே தோற்றவளுக்கு

நேற்று மாலை எதிர்வீட்டுப் பெண் என்னைக் கூப்பிட்டாள். பெங்களூரில் வேலை பார்ப்பவள், லீவுக்கு வந்திருக்கிறாள். அவளுடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் கூடத்தில் பாய் விரித்து, புதிதாக வாங்கிய விளையாட்டுப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், வந்து உக்காருங்க. ரூல்ஸ் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றாள். பெட்டியைத் திறந்ததும் அச்சு மையும் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. உட்கார்ந்தேன். கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஒரு பெண் தன் காயைக் கையில் எடுத்தாள், பக்கத்தில் இருந்த புருஷன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், வைக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் வைத்தாள். விளையாட்டுக்குத்தான் செய்திருப்பாள். எல்லோரும் சிரித்தார்கள். பி.பி. மாத்திரை போட வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உனக்காக நான் இன்னும் அழவில்லை. கோபம் தீர்ந்தால்தானே அழ முடியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாம் இருவரும் செஞ்சியில் ஒரே பள்ளியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியைகள். சென்னையில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்த உன் சித்தப்பா, பெட்டி நசுங்கி விற்காமல் போனவற்றை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, நான் நம் சிநேகிதி ஜமீலா வீட்டுக்கு வருவேன். கடைத்தெருவில் அவள் வாப்பாவின் தையல் கடை. அதற்குப் பின்னால் வீடு. கோட்டை மலைப் பாறைகள் வாங்கி வைத்த வெயிலை ஊருக்குள் திருப்பிவிடுகிற மூன்று மணிக்கு, அந்த உள்கூடம் ஒன்றுதான் குளிர்ச்சியாக இருக்கும். நீ, நான், ஜமீலா, அவள் அண்ணி. நாலு பேர், ஒரு பெட்டி.

முதலில் லூடோ வந்தது. "இது நம்ம தாயக்கட்டம்தானே, சாயம் பூசி அனுப்பிட்டாங்க" என்று ஜமீலா உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் டிராஃப்ட்ஸ். அப்புறம் நட்சத்திரம் போலப் பலகை போட்ட சைனீஸ் செக்கர். அதில் நீலக் கோலிக்குண்டு இரண்டு குறைந்தது; தையல் கடைப் பொத்தானை வைத்து ஆடினோம். விதிமுறைத் தாள் இங்கிலீஷில் இருக்கும். நீ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரி படிப்பாய், ஒரு வரி சொல்வாய். படித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வாய்: "மொதோ ஆட்டம் கத்துக்கறதுக்கு. ரெண்டாவதுல இருந்து யாருக்கும் இரக்கம் கெடையாது."

உண்மையிலேயே உனக்கு இரக்கம் கிடையாது. எட்டு ஞாயிறில் ஏழு நீதான் ஜெயிப்பாய். ஜமீலாவின் அண்ணி ஒரு தடவை தோற்ற கடுப்பில் உனக்கு மட்டும் டீ கொடுக்கவில்லை. நீ எழுந்து போய் நீயே போட்டுக் குடித்துவிட்டு வந்து, அடுத்த ஆட்டத்திலும் அவளைத் தோற்கடித்தாய்.

ஒரு பெட்டியில் விதிமுறைத் தாளே இல்லை. அறை அறையாகப் பிரித்த ஒரு வீட்டின் படமும் ஆறு காய்களும் மட்டும் இருந்தன. "நாமளே ரூல் போட்டுக்கலாம்" என்றாய். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வைத்தாய். சமையலறை வந்ததும், "இதுக்குள்ள போனவ அவுட்டு. திரும்பி வரவே கூடாது" என்றாய். ஜமீலாவின் அண்ணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த விதியைப் போட்டவள் நீ. இதை நினைக்கும்போதுதான் எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

உன் அத்தை மகனுக்கும் உனக்கும் நிச்சயம் ஆனது. அவலூர்பேட்டையிலிருந்து அவர் உங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிறு, உன் அம்மா எங்களையும் அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஜமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளறை வாசற்படியில் உட்கார்ந்தாள். நட்சத்திரப் பலகையைப் பார்த்துவிட்டு அவர், "இன்னா இது, கோலமா?" என்று கேட்டார். "ஆடிப் பாருங்களேன், மாமன் மவளோட ஆடறதுக்கு இன்னா கூச்சம்?" என்று உன் அம்மா உட்கார வைத்தார்கள். நீ, நான், அவர்.

முதல் ஆட்டம் அவருக்குக் கற்றுக்கொடுக்க. அதில் நீ ஜெயித்தாய். அவர் சிரித்தார். இரண்டாவது ஆட்டத்தில் அவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பலகையையே பார்த்தார். உன் மஞ்சள் குண்டுக்கு நாலு தாவல் இருந்தது. நாலும் நேராக வீட்டில் கொண்டுபோய் விடும். எனக்கே தெரிந்தது. உனக்குத் தெரியாமலா? நீ அந்தக் குண்டின்மேல் விரலை வைத்தாய். அவர் முகத்தைப் பார்த்தாய். விரலை எடுத்தாய். ஓரத்தில் கிடந்த வேறொரு குண்டை ஒரு கட்டம் தள்ளினாய்.

"ஏய், அத எடுடி! நாலு தாவல், முடிஞ்சுது ஆட்டம்" என்று நான் கத்திவிட்டேன்.

"எங்க? எனக்குத் தெரியலையே" என்றாய்.

இரண்டு சுற்றில் அவர் ஜெயித்தார். உடனே முகம் மலர்ந்துவிட்டது. உன் அம்மா கொடுத்த பணியாரத்தை எனக்கும் எடுத்துக் கொடுத்து, "நீங்கதான் லூர்து டீச்சரா? உங்களப் பத்தி நெறய சொல்லுவா" என்று மரியாதையாகப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. பிறகும் உன்னை அவர் ஒரு அடி அடித்ததில்லை, தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்தை இறக்கி வைக்க எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.

மறுநாள் பள்ளியில் நீ என்னிடம் சொன்னது இதுதான்: "நேத்து நீ வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்."

அதற்கு முந்தின மாதம்தான் நாம் இருவரும் விண்ணப்பம் போட்டிருந்தோம். சென்னையில் ஒரு வருடப் பயிற்சி, தங்குவதற்கு விடுதி. முடித்துவிட்டு வந்தால் உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம். நம் தாலுகாவுக்கு ஒரே ஓர் இடம். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று பேசிவைத்திருந்தோம். என் நைனாவை ஒத்துக்கொள்ள வைக்க நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். உனக்கு அது தெரியும்.

ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். "உனக்கு ஏதாவது லெட்டர் வந்துதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரல. ரெண்டு பேருக்கும் இல்ல போல இருக்குது."

முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். சரி என்று வந்துவிட்டேன். தை மாதம் உன் கல்யாணம். அடுத்த மாதமே வேலையை விட்டாய். ஜமீலா வீட்டு ஞாயிறுகள் அதோடு நின்றன. மூன்று பேராகவும் ஆடலாம்தான். எங்களுக்குக் கை வரவில்லை.

மூன்று வருடம் கழித்து, உன் இரண்டாவது குழந்தையைப் பார்க்க அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறி வந்தேன். நீ தோட்டத்துப் பக்கம் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாய். நான் பிழிந்து கொடியில் போட்டேன். திடீரென்று, "லூர்து, ஒண்ணு சொல்லணும். அந்த லெட்டர் எனக்கு வந்துது" என்றாய்.

"இன்னாது?"

"எனக்குத்தான் கெடச்சிருந்துது. வரலன்னா முன்னாடியே எழுதிப் போடணும், அடுத்த ஆளுக்குத் தருவோம்னு இருந்துது. லிஸ்டும் வெச்சிருந்தாங்க. அடுத்த பேரு உன்னுது."

என் கையில் ஈரத் துணி இருந்தது. "ஏண்டி எழுதிப் போடல?"

"எழுதிப் போட்டு அது உனக்கு வந்தா, மொதல்ல எனக்குக் கெடச்சுதுன்னு வெளிய தெரிஞ்சிடும். அவருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா இன்னா? அவரக் கேட்டியா?"

"கேக்கணுமா? வேணாம்னுதான் சொல்லுவாரு. தெரியாதா எனக்கு?"

எனக்கும் அழுகை வரவில்லை, உனக்கும் வரவில்லை. நீ அடுத்த துணியை நீட்டினாய். நான் வாங்கவில்லை. உள்ளே உன் மாமியார் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். குடிக்காமல் வந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் என் மனத்தில் ஒரே எண்ணம்தான். நீ உன் ஆட்டத்தைத் தோற்றுக்கொள், அது உன் இஷ்டம். என்னுடையதையும் சேர்த்துத் தோற்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

அப்புறம் நாற்பது, ஐம்பது வருடம். கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையசைப்போம். நீ ஏதோ சொல்ல வருவாய். நான் பந்திக்குப் போய்விடுவேன். ஆரம்ப வகுப்பு ஆசிரியையாகவே ஓய்வு பெற்றேன். குழந்தைகளோடு நன்றாகத்தான் இருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் உயர்நிலைப் பள்ளி வாசலைக் கடக்கும்போது உன்னைத் திட்டாமல் போனதில்லை.

நீ போன செய்தியை ஜமீலாதான் போனில் சொன்னாள். வந்தேன். உன்னைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடமெல்லாம், "ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவு வீடு என்று பார்த்தேன். முடியவில்லை.

"அவளுக்கு எல்லாம் தெரியும்" என்றேன். "உங்களவிட, என்னவிட நல்லாத் தெரியும். மெட்ராசுல படிக்க இந்தத் தாலுகாவுலயே அவள ஒருத்தியத்தான் எடுத்தாங்க. தெரியுமா உங்களுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு கோணியது.

"சொல்லவே இல்லியே" என்றார். "சொல்லியிருந்தா, போய்ட்டு வான்னு சொல்லியிருப்பனே."

சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியாது. செத்தவர்களுக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். ஆனால் அந்த வயதான மனிதர் பொய் சொல்கிறவர்போல் தெரியவில்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? உன் வாழ்க்கையும் என் வாழ்க்கையும், நீ கேட்காத ஒரு கேள்வியில் போயிற்றே.

இந்த நாலு மாதமாக எனக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. யாராவது "எனக்கு இன்னா தெரியும்" என்றாலோ, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாலோ விடுவதில்லை. போன மாதம் என் தம்பி மருமகளிடம், பேங்கில் அவள் எழுதிய பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது வரல அத்த" என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நேரம் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள். அப்புறம் குழாயை மூடிவிட்டு, "வந்துடுச்சு அத்த. சேலத்துல போட்டிருக்காங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டுப் பேசினோம். இந்தத் திங்கட்கிழமை அவள் சேலத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் தடவை கேட்டால் பதில் வருகிறது. உன்னை நான் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன். அதை நான் விடப்போவதில்லை. ஆனால் நீ முறத்தைப் பார்த்துக்கொண்டு பேசிய அன்று, நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் ஒரு தடவைதான் கேட்டேன்.