மாடிவீட்டுத் தம்பி சேகருக்கு

என் செல்லக் கழுதையே சேகர்,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. செத்துப்போன பூனைக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். சிதம்பரத்தில் உன்னால் எனக்குக் கிடைத்த பெயரைவிட இது ஒன்றும் மோசமில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். ஒரு நாள் என் அப்பா கடலூர் துறைமுகத்திலிருந்து தெர்மாகோல் மீன்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஐஸும் இல்லை, மீனும் இல்லை. உள்ளங்கை அளவுக்கு நீ உட்கார்ந்திருந்தாய். உடம்பெல்லாம் சாம்பல், ஒரு காது மட்டும் கறுப்பு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'சேகர்' என்று எழுதியிருந்தது. அது யாரோ ஒரு மீன் வியாபாரியின் பெயர். உன் அக்கா கயல்விழிக்கு அப்போது ஏழு வயது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அம்மா, இவன் பேரு சேகராம்" என்றாள். அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று.

ஐந்து வருஷம் அந்த வீட்டில் நெத்திலி தின்றே வளர்ந்தாய். பிறகு எனக்குக் கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. உன் அப்பாவுக்கு ஏ.சி. ரிப்பேர் வேலை, எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வார். சிதம்பரம் வடக்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில் மாடி வீடு கிடைத்தது. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் என்பதால் நாங்கள் 'சார்' என்றே கூப்பிட்டோம். சாவியைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "நாங்க சுத்த சைவம். மீன் வாசனை வரக்கூடாது. நாய், பூனை எதுவும் இருக்கக்கூடாது."

"எங்களுக்கே அதெல்லாம் புடிக்காது சார்" என்றார் உன் அப்பா. நீ அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில், கயல் மடியில், கட்டைப்பைக்குள் இருந்தாய்.

உன்னை ஒளித்துவைப்பது கஷ்டமாக இருக்காது என்றுதான் நினைத்தோம். நீ மியாவ் என்று கத்துகிற ஜாதி இல்லை. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம்தான் உனக்கு வரும். "கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடும்மா" என்று சார் இரண்டு முறை சொன்னார். மாட்டிவிட்டது உன் வாய் இல்லை, என் வாய்.

குடிவந்த இரண்டாம் நாள் காலை, துவைத்து மடித்த துணிமேல் ஏறிப் படுத்துக்கொண்டாய். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிற கோபம். "டேய் சேகர்! எழுந்திருடா! திங்கறதும் தூங்கறதுமே பொழப்பாப் போச்சு ஒனக்கு!" என்று கத்தினேன். உன் அப்பா மாடிப்படி இறங்கும்போது சார் பிடித்துக்கொண்டார்.

"மாடியில யாரு சேகர்?"

"என் தம்பி சார்" என்று சொல்லிவிட்டார் உன் அப்பா. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று பிறகு என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். "நேத்துதான் கடலூர்லேந்து வந்தான்."

"என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணல சார்."

அந்தப் பேச்சிலேயே உண்மையானது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து நான் கொடுமைக்கார அண்ணி ஆனேன். எனக்குத்தான் மெதுவாகப் பேச வராதே. "சட்டியில வாய வைக்காதடா", "வெளக்கமாத்தால அடிச்சாத்தான் எறங்குவியா", "கூடத்துல வாந்தி எடுத்து வச்சிருக்கியே, நாந்தான அள்ளணும்" என்று தினமும் மாடியிலிருந்து சத்தம் போகும். சந்து முனையில் பூக்கட்டுகிற வசந்தா அக்கா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். சார் உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலையில்லாத பையன்தான், ஒத்துக்கறேன். அதுக்காக உங்க வீட்டம்மா இப்படிப் பேசலாமா? அவன் மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டாராம். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டாராம். சிரிப்பை அடக்கத்தான்.

சாரின் மனைவி உனக்கென்று புளியோதரை கொடுத்தனுப்பினார். நீ முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவதுபோலத் தரையைப் பிறாண்டினாய். கயல் தின்று தீர்த்தாள். "சேகருக்குப் புடிச்சிருந்துதா?" என்று அந்த அம்மா கேட்க, "தட்டையே நக்கிட்டாரு" என்றாள் என் மகள். பொய் சொல்வதில் அப்பாவையே மிஞ்சிவிட்டாள்.

பிறகு சார் குரூப் ஃபோர் பரீட்சைக்கான புத்தகங்களை வாங்கிவந்து கொடுத்தார். முக்கியமான கேள்விகளுக்கெல்லாம் தன் கையாலேயே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். நீ அதன்மேல் இரண்டு மாதம் படுத்துத் தூங்கினாய். "படிக்கிறாரா?" என்று கேட்டபோது, "புத்தகத்த விட்டு எறங்கறதே இல்ல சார்" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை, சேகர்? வீடு போய்விடும் என்ற பயம் மட்டும்தானா?

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி சார் மேலே வந்துவிட்டார். உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர், "சேகரைக் கூப்பிடும்மா. நான் ஒரு பத்து நிமிஷம் பேசறேன்" என்றார்.

"குளிக்கிறாரு சார்."

"வரட்டும். இருக்கேன்."

குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். நான் திரும்பி வருவதற்குள், கட்டிலுக்கு அடியிலிருந்து நீ வாலைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் வெள்ளை வேட்டிமேல் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, படுத்துவிட்டாய். கயல் பழக்கதோஷத்தில், "சேகர், எறங்கு!" என்றாள்.

சார் உன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதா சேகர்?"

"ஆமா சார்."

"சீர்காழியில ஒரு பொண்ணு வீட்ல பேசி வச்சிருக்கேனேம்மா!"

நான் சிரித்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உன்னை இரண்டு கையாலும் தூக்கி, பத்திரமாகத் தரையில் விட்டார். "மூணு மாசமா தினம் கோயில்ல அவன் பேருக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன். பூனைக்காகக் கோபமில்ல. என்னை இப்படி ஏமாத்திட்டீங்களே" என்றார். மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மாதக் கடைசிக்கு மீதியிருந்த இரண்டு வாரமும் வீடு தேடி அலைந்தோம். பூனை என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள். உன்னைக் கடலூரில் என் அப்பாவிடம் விட்டுவிடலாம் என்றேன். கயல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நான் உன்னைத் திட்டுவதை விட்டுவிட்டேன். திட்ட மனசு வரவில்லை.

ஒரு சாயங்காலம் கீழே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது சார் வந்து நின்றார். "மாடியில சத்தமே காணோமே. அவன் நல்லா இருக்கானா?"

"இருக்கான் சார்."

"வீடு கிடைச்சுதா?"

"பூனை இருக்குன்னு சொன்னதும் குடுக்க மாட்டேங்கறாங்க சார்."

"பூனைன்னு ஏன் சொல்றீங்க? தம்பின்னு சொல்ல வேண்டியதுதானே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். உள்ளே அந்த அம்மாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே அழுதேன். "அழாதம்மா, குடம் வழியுது பாரு" என்று குழாயை மூடினார். காலி பண்ண வேண்டாம் என்றார். இனிமேல் தன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. அதிலிருந்து, நான் கடலூருக்குப் போய்த் திரும்பும்போது டப்பாவில் உனக்கு நெத்திலி கொண்டுவருவதை அவரிடம் சொல்லிவிட்டே மாடியேறுவேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அப்படி ஐந்து வருஷம் போயிற்று. போன மாசிக்குப் பிறகு நீ சாப்பாட்டைக் குறைத்தாய். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் கால்நடை டாக்டர். டிரிப் ஏற்றினோம். உன் அப்பா தினமும் ஸ்கூட்டரில், மடியில் துண்டு போட்டு உன்னைக் கூட்டிப்போனார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நீ சமையலறைத் தரையில் படுத்திருந்தாய். உன் பக்கத்தில் நானும் படுத்துக்கொண்டேன். உன்னிடம் அன்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பழக்கமில்லாததால் ஒன்றும் வரவில்லை. "எழுந்திருடா சோம்பேறி" என்று மெல்லச் சொன்னேன். அந்தக் கறுப்புக் காது என் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

சார்தான் பின்பக்கம் நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே இடம் காட்டினார். உன் நெற்றியில் திருநீறு வைத்தார். அதற்குள் சந்தில் செய்தி பரவிவிட்டது. வசந்தா அக்கா ஒரு முழு ரோஜா மாலையோடு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உன்னை அவள் பார்த்ததே இல்லை. அவளிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் தோன்றவுமில்லை. "ஐயோ, சின்ன வயசாச்சே! அவுங்க அண்ணி படுத்துன பாட்டுலதான் போய்ட்டான்!" என்று சாரிடம் அழுதாள். சார் குழியைக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். பிறகு, "கட்டுன மாலை கட்டுனதுதான்" என்று சொல்லி உன்மேலேயே போட்டாள். உன் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. அழுதுகொண்டிருந்த உன் அப்பாவும் சிரித்துவிட்டார்.

இப்போதைய சேதி. கயல் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், மார்க்குதான் நிற்கவில்லை. வசந்தா அக்கா என்னோடு பேசுகிறாள். எனக்கு மறுபடி கடலூருக்கே மாற்றல் ஆகிவிட்டது. கேட்டு வாங்கியதுதான். வரும் மாதம் கிளம்புகிறோம். உத்தரவு கைக்கு வந்த அன்று சந்தோஷப்பட்டேன், மறுநாள் நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் உறைத்தது. உன்னை இங்கே விட்டுவிட்டா போகிறேன்?

"நீ போய்ட்டு வாம்மா. செடிக்கு நான் தண்ணி ஊத்தறேன்" என்று சார் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவேன். சார் வீட்டில் காபி குடிப்பேன், அவர் முழங்காலுக்குத் தைலம் வாங்கிவருவேன், உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம். அழமாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

உன் அம்மா,
பூங்கொடி